மாத்திரையை நீட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: செட்டிநாட்டு மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கண்டனூர், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கமெல்லாம் மெடிக்கல் ஷாப் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் ஐயாமார்களுக்கும்,

நாங்கள் கொண்டுவந்த போர்டை மாட்டுவதில்லை என்று எங்கள் பகுதிக் கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். எங்கள் மகளிர் குழுப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு அடித்த போர்டு அது. அதில் பெரிதாக எதுவும் இல்லை. "மது குடிப்பவருக்கு வலி மாத்திரை வாங்குகிறீர்களா? வாங்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள்" என்று தமிழில் இரண்டே வரி. இதை மாட்ட ஒரு ஆணியும் ஒரு நிமிடமும் போதும். முடியாது என்றதற்கு இரண்டு காரணம் சொன்னார்கள். குடிக்கிறவன் எந்தப் போர்டையும் படிக்க மாட்டான் என்பது ஒன்று. இதைப் பார்த்தால் மாத்திரை வாங்க வருகிறவர் பயந்து வேறு கடைக்குப் போய்விடுவார் என்பது இன்னொன்று. இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை, அதனால் அந்தச் சில கடைகளுக்கு மட்டுமில்லாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் காரணத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் கவுண்டரில் வலி மாத்திரை வாங்குவது யார் என்று ஒரு நாள் சாயங்காலம் நின்று கவனியுங்கள். பாதிப் பேர் பெண்கள். "அவருக்கு இடுப்பு வலியாம், ஒரு செட் குடுங்க" என்று கேட்கிற மனைவிமார்கள், அம்மாக்கள். இல்லாவிட்டால் இருபது ரூபாயைக் கையில் கொடுத்து அனுப்பிய பள்ளிக்கூடப் பிள்ளைகள். குடிப்பவர் போர்டைப் படிக்காமல் போகலாம். வாங்க வருகிற நாங்கள் படிப்போம். எங்களுக்குத்தான் அந்த போர்டு.

என் அண்ணன் புதுவயல் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். புதுவயல் ஆலைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெல் மூட்டை இறக்குவதும் அரிசிச் சிப்பம் ஏற்றுவதுமாக வெயிலிலும் உமித் தூசியிலும் நாள் முழுக்க வேலை. சாயங்காலம் இடுப்பு விண்விண் என்று தெறிக்கும். வேலை முடிந்து வரும் வழியில் மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை, அப்புறம் ஒரு குவார்ட்டர், ராத்திரி வீட்டில் சோறு இறங்கினால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. இப்படித்தான் பல வருடம் ஓடியது. அவர் மட்டும் இல்லை, அவரோடு வேலை பார்த்த பலரும் இப்படித்தான்.

ஒரு நாள் தார் மாதிரி கருப்பாக வெளிக்குப் போயிருக்கிறது. முதல் நாள் தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவராகவே நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டார். அடுத்த நாள் விடியற்காலையில் வாந்தி எடுத்தார், காப்பித்தூளைக் கரைத்துவிட்ட நிறத்தில். தலை சுற்றிக் கொல்லையிலேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு.

அங்கே டாக்டர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பது. அண்ணன் சட்டைப் பையில் ஒரு பேப்பர் பொட்டலம் இருந்தது. உள்ளே ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு ஆரஞ்சு மாத்திரை, ஒரு கேப்சூல். அட்டையிலிருந்து வெட்டி, உறையை உரித்துப் போட்டு மடித்துக் கொடுத்தது. பெயர் கிடையாது, எத்தனை மில்லிகிராம் என்று கிடையாது. வாங்கிய கடைக்கு ஓடிப்போய்க் கேட்டால், அன்றைக்கு கடையில் நின்ற பையன் "வழக்கமா குடுக்கிற பெயின் செட்தான்க்கா" என்றான். அதில் என்னென்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியவில்லை. உயிருக்குப் போராடுகிறவருக்கு என்ன உள்ளே போயிருக்கிறது என்று அவரோ, நாங்களோ, விற்றவரோ, டாக்டரோ யாருமே சொல்ல முடியாத நிலை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அண்ணன் பிழைத்துவிட்டார். ஆனால் மூட்டை தூக்க முடியவில்லை, இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதி அதில் வருகிறதை வைத்துக் குடும்பம் ஓடுகிறது.

நான் வேதியியல் படித்தவள், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அதனால் அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருந்திருக்கும், அது சாராயத்தோடு சேர்ந்து என்ன செய்யும் என்று பொறுமையாகத் தேடிப் படித்தேன், டாக்டர்களிடமும் கேட்டேன். உங்களில் டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் கடையில் உண்மையில் நிற்கிற பையனுக்குத் தெரியாது, வாங்குகிற எங்களுக்கும் தெரியாது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே வகை. உடம்பில் வலியையும் வீக்கத்தையும் கிளப்புகிற புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உண்டாகவிடாமல் தடுத்துத்தான் இவை வலியைக் குறைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இரைப்பையின் உள்சவ்வை அமிலத்திலிருந்து காப்பதும் அதே புராஸ்டாகிளாண்டின்தான். மாத்திரை அந்தக் காவலைக் குறைத்து வைத்திருக்கும் நேரத்தில், வெறும் வயிற்றில் மதுவை ஊற்றினால் ஏற்கனவே வலுவிழந்த சவ்வை அது இன்னும் அரிக்கிறது. ரத்தம் உறையும் வேகத்தையும் இந்த மாத்திரைகள் குறைப்பதால், புண்ணில் ஒரு தடவை கசிய ஆரம்பித்தால் லேசில் நிற்காது. சிறுநீரகமும் இதில் மாட்டிக்கொள்கிறது. மதுவால் உடம்பில் நீர் வற்றும், வெயில் வேலையில் வேர்வையாகவும் போகும், அப்படி நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே புராஸ்டாகிளாண்டின் தான், அதையும் மாத்திரை தடுத்துவிடுகிறது. மூட்டை தூக்குகிறவர், கொத்தனார், ஆத்தங்குடியில் நாள் முழுக்க குனிந்து டைல்ஸ் போடுகிறவர், பழைய வீடுகளை இடித்துத் தேக்குத் தூணையும் உத்தரத்தையும் இறக்குகிறவர், கல்யாண வீட்டில் ராத்திரி பகலாக அடுப்படியில் நிற்கிற சமையல்காரர், இவர்கள் எல்லோருக்கும் வலியும் உண்டு, வேர்வையும் உண்டு, பலருக்குக் குடியும் உண்டு. நம்ம ஊரில் இந்த மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்து இருப்பது அபூர்வமான விஷயமே இல்லை.

"கேஸ் மாத்திரை சேர்த்துத்தானே கொடுக்கிறோம்" என்று ஒரு அண்ணன் சொன்னார். சரி, அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை வயிற்றுப் புண்ணின் ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது சிறுநீரகத்தைக் காக்காது, கல்லீரலைக் காக்காது, மேலே குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தை மட்டும் தாராளமாகக் கொடுக்கும்.

பாராசிட்டமால் வேறு கதை. அது வயிற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, அளவோடு எடுத்தால் நல்ல மருந்து, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்போதாவது கொஞ்சம் குடித்த ஒருவர் ஒரு மாத்திரை போட்டதால் கல்லீரல் போய்விடும் என்று பயமுறுத்தவும் நான் வரவில்லை. பிரச்சினை, தினமும் குடிப்பவருக்கு. நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாமல் மாற்றி வெளியே அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் சி.ஒய்.பி.2.இ.1 என்ற நொதியின் வழியாக ஒரு நச்சாக மாறும், அதை குளுட்டாத்தியோன் என்ற பொருள் உடனே செயலிழக்க வைக்கும். தினமும் குடிப்பவர் கல்லீரலில் அந்த நொதி அதிகமாகிவிடும், குளுட்டாத்தியோன் குறைந்துவிடும். சரியாகச் சாப்பிடாதவருக்கு இன்னும் குறையும். அதாவது நச்சு கூடுகிறது, அதை அடக்குகிற பொருள் தீர்ந்துபோகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மது உடம்பில் இருக்கும்போது அதே நொதி மதுவைக் கவனித்துக்கொண்டிருக்கும், மது இறங்கிய பிறகுதான் அதன் முழு வேகமும் பாராசிட்டமால் மேல் திரும்பும். ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டுக் காலையில் தலைவலிக்கு மாத்திரை மேல் மாத்திரை போடுகிறவர் சரியாக அந்த நேரத்தில்தான் போடுகிறார்.

நல்ல உடம்புள்ள பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் பாராசிட்டமால் உச்ச வரம்பு. தினமும் குடிப்பவருக்கு 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது, அதுவும் டாக்டரைக் கேட்டுத்தான் என்பது பல மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை. இப்போது நம்ம ஊர்க் கணக்கைப் போடுங்கள். 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை மூன்று வேளை, அது 1950 மில்லிகிராம். இடுப்பு வலிக்கு வாங்கிய செட்டில் அசிக்ளோஃபெனாக்கோடு சேர்ந்தே 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும், இரண்டு வேளைக்கு 650. சளிக்கு என்று தனியாக வாங்கிய மாத்திரையிலும் பெரும்பாலும் பாராசிட்டமால் உண்டு, அதில் 500 என்றால் இரண்டு வேளைக்கு 1000. மொத்தம் 3600 மில்லிகிராம், அதாவது 3.6 கிராம். சாப்பிட்டவருக்குத் தான் பாராசிட்டமால் மூன்று இடத்திலிருந்து சாப்பிட்டோம் என்பதே தெரியாது. அட்டையில் கல்லீரல் பாதிப்பு பற்றி எச்சரிக்கை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பொடி எழுத்தில் ஆங்கிலத்தில். வெட்டிக் கொடுத்த துண்டில் அதுவும் வராது.

அமெரிக்காவில் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ. 1998-லேயே இதற்கு ஒரு விதி போட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கும் வலி மாத்திரை எல்லாவற்றிலும், தினமும் மூன்று டிரிங்க் அல்லது அதற்கு மேல் குடிப்பவர் டாக்டரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று. மூன்று டிரிங்க் என்றால் ஏதோ பெரிய குடிகாரருக்குச் சொன்னது என்று நினைக்க வேண்டாம். அவர்கள் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் சுத்த ஆல்கஹால். நம்ம ஊர் குவார்ட்டர் 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். நான்கு டிரிங்க்குக்கும் மேல். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி ஒரு பாட்டில் என்றால் கிட்டத்தட்ட மூன்று டிரிங்க். "நான் ஒரு குவார்ட்டரோட நிறுத்திக்குவேன், நான் அளவாத்தான் குடிப்பேன்" என்று நம் வீட்டு ஆண்கள் சொல்கிறார்களே, அந்த அளவே எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டித்தான் இருக்கிறது. இதை நான் எங்கள் குழுக் கூட்டத்தில் பலகையில் எழுதிக் காட்டியபோது அத்தனை பெண்களும் வாயடைத்துப் போனார்கள்.

மது பாட்டிலில் மது உடம்புக்குக் கேடு என்று எச்சரிக்கை போட்டிருக்கிறது, நல்லது. ஆனால் மாத்திரையோடு சேர்க்காதே என்று அதில் இல்லை. மதுக்கடையில் சரக்கு எடுத்துக் கொடுப்பவர் அதைச் சொல்லப் போவதில்லை. டாக்டரிடம் இவர்கள் போவதே இல்லை, போனால் ஒரு நாள் கூலி போய்விடும். மதியம் பன்னிரண்டுக்கு மதுக்கடை திறந்து ராத்திரி பத்துக்கு மூடும் வரைக்கும் இந்த மனிதரிடம் மருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசக்கூடிய படித்த ஆள் ஒருவர்தான் இருக்கிறார், அது நீங்கள்தான். குடியை நிறுத்தச் சொல்லி அறிவுரை சொல்லுங்கள் என்று உங்களை நான் கேட்கவில்லை, அது எங்கள் வீட்டுச் சண்டை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். குடிக்கிற ஒருவருக்கு எந்த மாத்திரை ஆகும், எது ஆகாது என்று சொல்வது உங்கள் தொழில்.

வியாபாரம் போய்விடும் என்ற இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். நான் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்னக் கடை, வாடகை, கடன், பெரிய ஆஃபர் போட்டு விற்கிற புதுக் கடைகள் பக்கத்திலேயே வருகின்றன, எல்லாம் தெரியும். ஆனால் டைக்ளோஃபெனாக் அட்டவணை எச் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. நிமெசுலைடு என்ற வலி மாத்திரையும் அப்படித்தான், அது கல்லீரலைப் பாதிக்கும் என்பதால் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2011-லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. இந்த மருந்துகளைப் பெயரில்லாத பொட்டலத்தில் போட்டுக் கொடுப்பதால் கிடைக்கிற வியாபாரம் போனால், அது போக வேண்டிய வியாபாரம்தான். எல்லாக் கடையிலும் ஒரே போர்டு தொங்கினால் யாரும் எந்தக் கடையையும் விட்டு எங்கேயும் போக மாட்டார்கள். நீங்கள் சேர்ந்து பேசி மாட்டுவதில்லை என்று முடிவெடுக்க முடிந்தது, சேர்ந்து பேசி மாட்டுவது என்றும் முடிவெடுக்க முடியும்.

பெட்டிக்கடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் பாராசிட்டமால், ஆஸ்பிரின் விற்க 1945-ஆம் வருட மருந்து விதிகள் இடம் கொடுப்பது, மக்கள் தொகை 1000-க்கு மேல் போகாத, உரிமம் பெற்ற மருந்துக்கடையே இல்லாத கிராமத்தில் மட்டும். அதுவும் பிரிக்காத உறையோடுதான் விற்க வேண்டும். காரைக்குடியைச் சுற்றி மதுக்கடை வாசல் பெட்டிக்கடைகளில் ஊறுகாய், தண்ணீர் பாக்கெட்டோடு வலி மாத்திரையும் ஒவ்வொன்றாக வெட்டி விற்கிறார்கள். அந்த அட்டைகள் யாரோ ஒரு மெடிக்கலிலிருந்துதான் அங்கே போகின்றன.

எங்கள் தெருவில் இன்னொரு குடும்பம், அந்த மாமா கல்யாண சமையலுக்குப் போகிறவர். முகூர்த்த மாதம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கண் மஞ்சளாகிவிட்டது. காமாலை என்று நாட்டு வைத்தியத்துக்குக் கூட்டிப் போனார்கள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கை கால் வலிக்கும் காய்ச்சலுக்கும் என்று அந்த மாதம் முழுக்க அவர் மாத்திரை போட்டதும், ராத்திரி குடித்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு டாக்டர் துருவித் துருவிக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. பாராசிட்டமால் அதிகமானதற்கு மாற்று மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டைன் என்று பெயர். அதிகமாக விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். ஆனால் முதல் நாள் குமட்டலைத் தவிரப் பெரிதாக எதுவும் தெரியாது, வலது பக்கம் மேல் வயிற்று வலியும் மஞ்சளும் வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் நேரம் போய்விடுகிறது. "நேத்து நிறைய மாத்திரை போட்டுட்டேன்" என்று ஒருவர் உங்கள் கடையில் சொன்னால் அவரை அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். போர்டை மாட்டுங்கள், அடித்துத் தருவது எங்கள் பொறுப்பு, உங்களுக்குச் செலவு இல்லை. வலி மாத்திரை கேட்டு யார் வந்தாலும், "யாருக்கு? அவர் குடிப்பாரா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? வயிற்றுப் புண், காமாலை இருந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். நாலு பேர் காதில் விழும்படி வேண்டாம், கிட்டே கூப்பிட்டு மெதுவாகக் கேளுங்கள், வீட்டுக்காரர் குடிப்பார் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற பெண்கள் நிறைய. குடிப்பவர் என்று தெரிந்தால் டைக்ளோஃபெனாக் வகையைக் கொடுக்காதீர்கள், டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், அன்றைக்கு ராத்திரிக்கு ஒத்தடமும் தைலமும் ஓய்வும் போதும் என்று சொல்லுங்கள். இதய நோய்க்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினைப் பயந்து தானாக நிறுத்திவிட வேண்டாம், டாக்டரிடம் குடியைப் பற்றிச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயரில்லாத பொட்டலத்தை இன்றோடு நிறுத்துங்கள். அட்டையை வெட்டித்தான் கொடுக்க வேண்டும் என்றால் மருந்தின் பெயரும் அளவும் காலாவதித் தேதியும் கவரின் மேல் தமிழில் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் வலி மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள். பெட்டிக்கடைக்கு அட்டைகளைத் தள்ளாதீர்கள். கருப்பாக வெளிக்குப் போகிறது, ரத்த வாந்தி, கண் மஞ்சள் என்று யார் சொன்னாலும் மாத்திரை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், 108-க்கு நீங்களே போன் பண்ணிக் கொடுத்தாலும் நல்லது. கடையில் நிற்கிற பையன்களுக்கு இதையெல்லாம் ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் குழு இடமும் டீயும் ஏற்பாடு செய்யும்.

அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை நாங்கள் போர்டோடு கடை கடையாக வருகிறோம். மாட்டுவதாக இருந்தால் ஆணி அடித்துவிட்டுப் போகிறோம். மாட்ட முடியாது என்றால் அதற்கான காரணத்தை ஒரு தாளில் எழுதிக் கடை முத்திரை போட்டுத் தாருங்கள். அந்தத் தாள்களை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுக்கப் போகும் மனுவோடு இணைப்போம்.

இப்படிக்கு,
புதுவயல் பக்கத்து மகளிர் குழு ஒன்றின் சார்பில்,
ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் தங்கை